கருமேகம் விண்மீன் ஆகுமா?

ஆவணிக் கடைசியில் வேளாங்கண்ணியில் திருவிழா நடக்கும். ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நீளும் அந்த நாட்களில், விளக்கு வெளிச்சத்தில் ஊருக்குள் நின்று வானத்தைப் பார்ப்பது இயலாத காரியம். ஆனால் அதே பருவத்தில், நிலவில்லாத ஓர் இரவில், எட்டு மணி சுமாருக்கு, கடற்கரை ஓரமாகத் தெற்கே சற்றுத் தொலைவு போய், வெளிச்சம் படாத ஓர் இடத்தில் நின்று மேலே பாருங்கள். கண்கள் இருளுக்குப் பழக இருபது நிமிடங்களாவது ஆகும். பொறுத்திருந்தால், தெற்கு அடிவானத்தில் எழுந்து, தலைக்கு மேலாகச் சென்று, வடகிழக்கில் இறங்கும் மங்கிய வெண்பட்டை ஒன்று தெரியும். அதுவே பால்வீதி.

அந்தப் பட்டை ஒரே சீராக இருப்பதில்லை என்பதை உடனே கவனிப்பீர்கள். திருவோண விண்மீனுக்கு மேற்கே அது இரண்டாகப் பிளந்தாற்போல், நடுவில் கறுத்துக் கிடக்கிறது. விண்மீன்கள் நெருக்கமாக இருக்கவேண்டிய இடத்தில் இந்தக் கறுப்பு எப்படி வந்தது?

இப்போது தென்மேற்கில், செந்நிறமாய் ஒளிரும் கேட்டை விண்மீனைப் பிடித்துக் கொள்ளுங்கள். கையை நீட்டி முட்டியை மடக்கினால், முட்டியின் அகலம் வானில் சுமார் 10 பாகையை மறைக்கும். கேட்டைக்குக் கிழக்கே ஒரு முட்டிக்குச் சற்று அதிகமான தொலைவில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கரும்புள்ளி இருக்கிறது. பெரிய தொலைநோக்கியில் எடுத்த படத்தில், விண்மீன்கள் நிறைந்த வானத்தில் யாரோ மைத்துளி சிந்தியதுபோல் அது காட்சி தருகிறது. அதன் பெயர் பார்னார்டு 68. விண்மீன்கள் எப்படிப் பிறக்கின்றன என்ற கேள்விக்கு, இந்தச் சிறு கறுப்பு நமக்குக் கற்றுத் தந்தது மிக அதிகம். அதன் கதையைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

துளையா, திரையா?

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வானத்தைப் பகுதி பகுதியாக அலசிய வில்லியம் ஹெர்ஷல், விருச்சிகத்தின் பக்கம் விண்மீன்களே இல்லாத இடங்களைக் கண்டு வியந்தார். வானத்தில் துளை விழுந்திருக்கிறது என்றே அவருக்குத் தோன்றியது. அங்கிருந்த விண்மீன்கள் பக்கத்தில் எங்கோ திரண்டு போய்விட்டதால் அந்த இடம் காலியாகிவிட்டது என்று அவர் கருதினார்.

பிறகு புகைப்படத் தட்டுகள் வந்தன. அமெரிக்க வானியலாளர் எட்வர்டு எமர்சன் பார்னார்டு ஆண்டுக்கணக்கில் பால்வீதியைப் படமெடுத்து, 1919இல் இத்தகைய 182 கரும்பொருள்களின் பட்டியலை வெளியிட்டார். நம் கரும்புள்ளி அதில் 68ஆம் எண் பெற்றது. இவற்றுள் பல வெறும் துளைகள் அல்ல, பின்னால் உள்ள ஒளியை மறைக்கும் திரைகள் என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று.

1947இல் பார்ட் பாக் என்பவரும் எடித் ரெய்லி என்ற அம்மையாரும் இக்கருமேகங்களில் சிறியவையும் உருண்டையானவையுமான சிலவற்றைத் தனியாகப் பிரித்தெடுத்தனர். பட்டுப்புழு கூட்டுக்குள் இருந்து உருமாறுவது போல, இந்த உருண்டைகளுக்குள் விண்மீன்கள் உருவாகக்கூடும் என்பது பாக்கின் கருத்து. அன்று அதற்குச் சான்று இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியும் இல்லை. 1983இல் செயற்கைக்கோளில் ஏற்றிய அகச்சிவப்புத் தொலைநோக்கி வானம் முழுவதையும் அளந்தது. அந்த அளவீடுகளின் துணையோடு 1990இல் பல உருண்டைகளுக்குள் இளம் விண்மீன்கள் மறைந்திருப்பது உறுதியாயிற்று. பாக் கூறியது சரி என்று ஆனது. ஆனால் எல்லா உருண்டைகளிலும் விண்மீன் இல்லை. பார்னார்டு 68இல் இல்லை. ஏன்? இனிமேல் பிறக்குமா? இதுவே நம் கேள்வி.

மெல்லியது, ஆனால் ஆழமானது

முதலில் இந்த மேகம் எதனால் ஆனது என்று பார்ப்போம். இதன் நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வாயு. அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறுகள், அடுத்தது ஹீலியம். மீதி ஒரு பங்குதான் தூசி. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள சிலிகேட்டு, கரித் துகள்கள் அவை. ஒளியை மறைக்கும் வேலையை இந்த ஒரு பங்கு தூசியே செய்கிறது.

மேகம் என்றதும் அடர்த்தியான ஒன்றைக் கற்பனை செய்துவிடக் கூடாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத, 2.5ஐ 10இன் 19ஆம் அடுக்கால் பெருக்கவேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் சுழல் பம்பை வைத்து வெற்றிடம் உண்டாக்கினாலும், அதற்குள் 10இன் 13ஆம் அடுக்கு என்ற அளவில் மூலக்கூறுகள் தங்கிவிடும். பார்னார்டு 68இன் மையத்திலோ, ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டு மூன்று லட்சம் மூலக்கூறுகள் மட்டுமே. நம் ஆய்வக வெற்றிடம் அதைவிடக் கோடி மடங்கு அடர்த்தியானது!

இவ்வளவு மெல்லிய பொருள் எப்படி ஒளியை மறைக்கும்? மார்கழி விடியலில் வயல் வரப்பில் நின்றவர்களுக்கு இது விளங்கும். கைக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள பனிமூட்டம் எதையும் மறைப்பதில்லை. ஆனால் வயலுக்கு அப்பால் நிற்கும் தென்னை காணாமல் போய்விடுகிறது. பனி அடர்த்தியாக இருப்பதால் அன்று; அதன் வழியே ஒளி நெடுந்தொலைவு வரவேண்டியிருப்பதால். பார்னார்டு 68இன் குறுக்களவு ஏறத்தாழ 25,000 வானியல் அலகுகள். அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் 25,000 மடங்கு. ஏறக்குறைய அரை ஒளியாண்டு. அத்தனை தொலைவும் தூசியைக் கடந்து வரும்போது, மேகத்தின் நடுப்பகுதி வழியாக வரும் கண்ணுறு ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

வெளியுலகின் ஒளி உள்ளே புகாததால் மேகம் சூடேறுவதில்லை. உள்ள சிறிதளவு வெப்பத்தையும் மூலக்கூறுகளும் தூசியும் கதிர்களாக வெளியே அனுப்பிவிடுகின்றன. ஆகவே உள்ளே வெப்பநிலை 10 முதல் 16 கெல்வின் வரைதான். செல்சியஸ் அளவில் சொன்னால், சுழிக்குக் கீழே 260 டிகிரி சுமார். இந்தக் குளிர்தான் கதையின் முக்கியப் பாத்திரம். ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

ஒலிக்கும் வீழ்ச்சிக்கும் ஓட்டப் பந்தயம்

மேகத்தில் இரண்டு போக்குகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. ஒவ்வொரு துகளும் மற்ற எல்லாத் துகள்களையும் ஈர்க்கிறது. இதனால் மேகம் உள்நோக்கிச் சுருங்க முயல்கிறது. மூலக்கூறுகளின் வெப்ப இயக்கமோ வாயுவை வெளிநோக்கித் தள்ளுகிறது. எது வெல்லும்?

இக்கேள்விக்கு 1902இல் விடை தேடினார் ஆங்கில இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ். அவருடைய கருத்தை எளிதாக இப்படிச் சொல்லலாம். மேகம் சற்றே அமுங்குவதாகக் கொள்வோம். அமுங்கிய இடத்தில் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் மேகம் முழுவதும் பரவி, வாயுவைப் பழைய நிலைக்குத் தள்ளவேண்டும். அழுத்த மாறுபாடு வாயுவில் ஒலியின் வேகத்தில்தான் பரவும். அதற்குள் ஈர்ப்பினால் வாயு உள்ளே விழுந்துவிட்டால்? தீயணைப்பு வண்டி வருமுன் கூரை எரிந்து விழுந்த கதைதான்.

பார்னார்டு 68க்கு இந்தப் பந்தயத்தை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் காற்றில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர் செல்கிறது. குளிர்ந்த அம்மேகத்தில் அதன் வேகம் சுமார் 200 மீட்டர். மேகத்தின் ஆரம் 1.9 லட்சம் கோடி கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால், மையத்திலிருந்து விளிம்புக்குச் செய்தி போய்ச்சேர ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகும். மறுபுறம், தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் மேகம் தன் எடையால் தானே விழ எவ்வளவு காலம் ஆகும்? இது அடர்த்தியை மட்டுமே பொறுத்தது. மேகத்தின் நிறை சூரியனைப்போல் சுமார் இரண்டு மடங்கு. அதிலிருந்து சராசரி அடர்த்தியைக் கணக்கிட்டால், வீழ்ச்சிக் காலம் 1.7 லட்சம் ஆண்டுகள் என்று வருகிறது.

இரண்டு விடைகளும் அருகருகே நிற்கின்றன. மேகம் இதைவிட மிகச் சிறியதாகவோ சூடாகவோ இருந்தால் ஒலி எளிதில் வென்றிருக்கும். மேகம் நிலைத்திருக்கும் அல்லது கலைந்து போகும். மிகப் பெரியதாக இருந்தால் ஈர்ப்பு எளிதில் வென்றிருக்கும். இதுவோ எல்லைக்கோட்டில் இருக்கிறது. இவ்வாறான தோராயக் கணக்கு இத்தகைய இடத்தில் போதாது. துல்லியமான எல்லை வேண்டும்.

14 என்னும் எண்

ஜீன்ஸ் எல்லையற்றுப் பரந்த, ஒரே சீரான வாயுவைக் கற்பனை செய்தார். உண்மை மேகத்துக்கு விளிம்பு உண்டு. விளிம்புக்கு வெளியே சூடான, மெல்லிய வாயு சூழ்ந்து அதை அழுத்திக்கொண்டும் இருக்கிறது. இந்த நிலையை 1955இல் ஜெர்மனியில் ஏபர்ட் என்பவரும், 1956இல் இங்கிலாந்தில் போனர் என்பவரும் தனித்தனியே ஆராய்ந்தார்கள்.

பாயில் விதி உங்களுக்குத் தெரியும். வெப்பநிலை மாறாதிருந்தால், வாயுவின் பருமனைக் குறைக்கக் குறைக்க அழுத்தம் கூடும். சைக்கிள் பம்பை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால், அது திருப்பித் தள்ளுவதை உணரலாம். இதுவே உறுதிச் சமநிலை. ஆனால் தன் ஈர்ப்பால் தானே இழுபடும் வாயுவுக்குப் பாயில் விதி மட்டும் போதாது. அது வெளியே காட்டும் அழுத்தம் என்பது, வெப்பத்தால் வரும் தள்ளலிலிருந்து ஈர்ப்பின் இழுவையைக் கழித்த மீதி.

ஆரம் பாதியானால் வெப்பத் தள்ளல் 8 மடங்காகும். ஈர்ப்பின் இழுவையோ 16 மடங்காகும். ஓர் எடுத்துக்காட்டு: தொடக்கத்தில் தள்ளல் 10, இழுவை 2 என்று கொள்வோம். மீதி 8. ஆரத்தைப் பாதியாக்கினால் 80இல் 32 போக மீதி 48. மேகம் எதிர்த்துத் தள்ளுகிறது, நல்லது. மறுபடி பாதியாக்கினால் 640இல் 512 போக மீதி 128. இன்னும் ஒருமுறை பாதியாக்கினால்? தள்ளல் 5,120, இழுவை 8,192. இழுவை வென்றுவிட்டது! ஆக, இடையே எங்கோ மீதி ஓர் உச்சத்தை எட்டிப் பிறகு குறையத் தொடங்குகிறது. அந்த உச்சம்தான் எல்லை. அதைத் தாண்டிய மேகத்தை வெளியிலிருந்து இலேசாக அழுத்தினாலும், அது எதிர்ப்பதற்குப் பதிலாக இடம் கொடுக்கிறது, மேலும் சுருங்குகிறது. மலையுச்சியில் வைத்த பந்தின் நிலை அது, உறுதியற்ற சமநிலை.

உண்மை மேகம் மையத்தில் அடர்ந்தும் விளிம்பில் மெலிந்தும் இருக்கும். அதையும் சேர்த்து நுட்பமாகக் கணக்கிட்டால் கிடைக்கும் விடை அழகானது. மையத்தின் அடர்த்தி, விளிம்பின் அடர்த்தியைப்போல் 14 மடங்குக்குள் இருந்தால் மேகம் நிலைத்திருக்கும். 14ஐத் தாண்டினால் நிலைக்காது. மேகத்தின் வெப்பநிலை என்ன, நிறை என்ன என்பதெல்லாம் இந்த எண்ணை மாற்றுவதில்லை.

இக்கணக்கின் அடித்தளமாகிய சமவெப்ப வாயுக் கோளத்தின் ஆராய்ச்சியில், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ஒருவரின் பங்கு பெரிது. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் அக்கல்லூரியில் பட்டம் பெற்று இங்கிலாந்துக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். 1907இல் சுவிட்சர்லாந்துக்காரரான எம்டன் வெளியிட்ட வாயுக் கோளக் கணிதத்தை, 1939இல் வெளிவந்த விண்மீன் அமைப்பு பற்றிய தம் நூலில் அவர் ஒழுங்குபடுத்தி விரித்துரைத்தார். 1949இல் வேர்ஸ் என்பவருடன் சேர்ந்து சமவெப்பக் கோளத்துக்கான எண் அட்டவணைகளையும் வெளியிட்டார். மையத்திலிருந்து விலக விலக அடர்த்தி எந்த வீதத்தில் குறையும் என்பதை அவ்வட்டவணைகளில் படிக்கலாம்.

இதில் வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. 1942இல் சந்திரசேகரும் பிரேசில் நாட்டு ஷோன்பெர்கும் சேர்ந்து, முதிர்ந்த விண்மீன் ஒன்றின் எரிந்து தீர்ந்த உட்கருவை ஆராய்ந்தார்கள். அந்தச் சமவெப்ப உட்கரு, விண்மீனின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மேலுள்ள சுமையைத் தாங்காது என்று கண்டார்கள். விண்மீனின் முதுமையைக் கூறும் அக்கணக்கும், விண்மீன் பிறக்குமுன் உள்ள மேகத்தைக் கூறும் இக்கணக்கும் ஒரே இயற்பியலிலிருந்து வருபவையே.

ஆயிரம் ஆழ்துளைக் கிணறுகள்

எல்லை தெரிந்துவிட்டது. ஆனால் நானூறு ஐந்நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள, சொந்த ஒளியில்லாத ஓர் உருண்டையின் உள்ளே அடர்த்தி எப்படி மாறுகிறது என்று எவ்வாறு அளப்பது? அரை நூற்றாண்டுக்கு மேல் இது கைகூடவில்லை.

வழி, மேகத்தின் கறுப்பிலேயே இருந்தது. மாலைச் சூரியன் ஏன் சிவக்கிறது? குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியைக் காற்று அதிகம் சிதறடிக்கிறது. சிவப்பு தப்பி வருகிறது. தூசி மேகத்திலும் இதுவே நடக்கிறது. அலைநீளம் கூடக்கூடத் தூசி ஒளியைத் தடுப்பது குறைகிறது. கண்ணுறு ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்கே வரும் அதே பாதையில், 2.2 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு வந்துவிடும். அகச்சிவப்புக் காமிராவுக்கு இந்தக் கறுப்புத் திரை, கண்ணாடித் திரை.

1999இல், தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் லா சில்லா மலையிலுள்ள 3.58 மீட்டர் தொலைநோக்கியால் பார்னார்டு 68 அகச்சிவப்பில் படமெடுக்கப்பட்டது. படத்தில் ஏறத்தாழ 3,700 விண்மீன்கள் அளக்கப்பட்டன. அவற்றுள் ஆயிரம் வரை மேகத்துக்குப் பின்னே இருப்பவை. கண்ணுறு ஒளியில் தெரியாதவை. ஒவ்வொன்றின் ஒளியும் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளந்தால், அந்தப் பாதையில் எவ்வளவு தூசி உள்ளது என்று தெரிந்துவிடும்.

காவிரிப் படுகையில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள், எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களிமண் என்று குறித்து வைப்பார்கள். ஒரு கிணற்றால் அந்த ஓர் இடத்து நிலத்தடி மட்டுமே தெரியும். ஊர் முழுவதும் ஆயிரம் கிணறுகளின் குறிப்புகள் இருந்தால் நிலத்தடியின் படமே கிடைத்துவிடும். மேகத்துக்குப் பின்னாலிருந்து வந்த ஆயிரம் ஒளிக்கற்றைகள், மேகத்தில் போட்ட ஆயிரம் துளைகள் போன்றவை.

இந்த ஆய்வைச் செய்த ஆல்வெஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா ஆகிய மூவரும் 2001 ஜனவரியில் முடிவை வெளியிட்டனர். மையத்திலிருந்து விளிம்பு வரை அடர்த்தி குறையும் விதம், போனரும் ஏபர்ட்டும் கணக்கிட்ட வளைகோட்டின் மீது ஏறக்குறைய அப்படியே படிந்தது. காகிதத்தில் மட்டும் இருந்த கோளம் வானத்தில் கண்முன் நின்றது. மைய அடர்த்திக்கும் விளிம்பு அடர்த்திக்கும் உள்ள விகிதம் என்ன? சுமார் 16.5. எல்லையோ 14. மேகம் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது!

கோட்டைத் தாண்டியும் விழாதது ஏன்?

கோட்டைத் தாண்டிய மேகம் சரிந்துகொண்டிருக்கவேண்டும். ஆனால் 2003இல், மேகத்திலுள்ள மூலக்கூறுகள் வெளியிடும் ரேடியோ அலைகளைக் கொண்டு வாயுவின் இயக்கத்தை அளந்தபோது, அது முழுவதும் உள்நோக்கி விழுவதாகத் தெரியவில்லை. மேற்பரப்பில் சில பகுதிகள் உள்ளேயும் சில பகுதிகள் வெளியேயும் அசைகின்றன. தட்டிய தவிலின் தோல் ஒரு பக்கம் தாழும்போது இன்னொரு பக்கம் உயர்வதுபோல், மேகம் மெல்லத் துடிக்கிறது. இந்தத் துடிப்பின் காலம் லட்சம் ஆண்டுகள் என்ற அளவில் இருக்கும். துடித்துக்கொண்டிருக்கிறது என்றால், பல காலமாக நிலைத்திருக்கிறது என்று பொருள்.

உள்ளே குளிரின் கடுமைக்கும் சான்று கிடைத்தது. மேகத்தின் நடுப்பகுதியில் கார்பன் மோனாக்சைடு வாயு வெகுவாகக் குறைந்திருக்கிறது. அது எங்கும் போய்விடவில்லை. தூசித் துகள்களின் மேல் உறைபனியாகப் படிந்துவிட்டது.

நிலைத்திருக்கும் மேகத்தின் விகிதம் எல்லையைத் தாண்டியது எப்படி? 2009இல் பர்கர்ட், ஆல்வெஸ் இருவரும் ஒரு விளக்கம் தந்தனர். படத்தைக் கூர்ந்து பார்த்தால், மேகத்தின் ஓரத்தில் சிறிய கட்டி ஒன்று ஒட்டியிருப்பது தெரியும். அது இன்னொரு குட்டி மேகம். பார்னார்டு 68உடன் இப்போது மோதிக்கொண்டிருக்கிறது என்றார்கள். எல்லைக்குச் சற்று இப்பால் நின்ற மேகத்துக்கு அந்தச் சிறு நிறை போதும். கணினியில் இம்மோதலை ஓட்டிப் பார்த்தபோது, இன்னும் 2 லட்சம் ஆண்டுகளுக்குள் மேகம் சரிந்து, சூரியனைப் போன்ற விண்மீனாகும் என்று வந்தது. நாம் சற்றுமுன் போட்ட வீழ்ச்சிக் கணக்கின் விடையும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள்.

காந்தம் கொடுக்கும் கை

இதுவரை வெப்பம், ஈர்ப்பு என்ற இரண்டை மட்டுமே பார்த்தோம். மூன்றாவது ஒன்றும் உண்டு. அது காந்தப் புலம். விண்வெளிக் காந்தப் புலம் மிக மிகச் சிறியது. ஆனால் மேகம் சுருங்கும்போது புலக்கோடுகளும் நெருங்கி, சுருக்கத்தை எதிர்க்கின்றன. 1953இல் சந்திரசேகரும் என்ரிக்கோ ஃபெர்மியும் காந்தப் புலத்தில் உள்ள வாயுவின் ஈர்ப்பு நிலைப்பாட்டை ஆராய்ந்தார்கள். அந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் வழி ஒன்றையும் அதே ஆண்டில் கூறினார்கள்.

தூசித் துகள்கள் காந்தப் புலத்துக்கேற்ப ஓர் ஒழுங்கில் நிற்பதால், அவற்றைக் கடந்துவரும் விண்மீன் ஒளி தளவிளைவு அடைகிறது. பல விண்மீன்களின் தளவிளைவுத் திசைகள் ஒரே சீராக இருந்தால் புலம் வலிமையானது. தாறுமாறாக இருந்தால் வலிமை குறைந்தது. காற்றில் ஆடும் கயிறு இறுக்கமாகக் கட்டியதா, தளர்வாகக் கட்டியதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். நம் நாட்டில் நைனிடாலிலுள்ள 104 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் தளவிளைவுமானியைப் பொருத்தி, இந்திய வானியலாளர்கள் பல கருமேகங்களின் காந்தப் புலத்தை இவ்வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள். பார்னார்டு 227 என்ற உருண்டை அவற்றுள் ஒன்று. 2013இல் அதன் ஆய்வு வெளிவந்தது.

பிறக்காமல் கலையும் மேகங்கள்

எல்லா உருண்டைகளுக்கும் அமைதியான சூழல் அமைவதில்லை. மாசி மாத இரவில் அகத்திய விண்மீனுக்குக் கிழக்கே பார்த்தால், அத்திசையில் கம் நெபுலா என்ற பிரம்மாண்டமான வாயுக்கூடு பரந்திருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1976இல் அங்கே வால்விண்மீன் வடிவில் தலையும் வாலும் கொண்ட உருண்டைகள் புகைப்படங்களில் கண்டறியப்பட்டன. அவற்றின் வால்கள் எல்லாம் ஒரு பொது மையத்துக்கு எதிர்ப்புறமாக நீண்டிருக்கின்றன.

பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் 10.4 மீட்டர் ரேடியோத் தொலைநோக்கியைக் கொண்டு டி. கே. ஸ்ரீதரன் இவற்றின் வேகங்களை அளந்து 1992இல் வெளியிட்டார். உருண்டைகள் அந்த மையத்திலிருந்து வினாடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கின்றன. பின்னோக்கிக் கணக்கிட்டால், அவை புறப்பட்டு ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அருகிலுள்ள வெப்பமிக்க விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் உருண்டையின் முகத்தைச் சூடாக்கி, வாயுவைப் பிய்த்தெடுத்து வாலாக ஓட்டுகின்றன. அதே கதிர்கள் உண்டாக்கும் அழுத்தம் உருண்டையை நசுக்கவும் செய்கிறது. அதனால் சிலவற்றின் தலையில் இளம் விண்மீன்கள் தோன்றியிருக்கின்றன. மற்றவை விண்மீன் ஆகாமலேயே கரைந்து போகலாம். கரைவது முந்துமா, சரிவது முந்துமா என்ற பந்தயம் அங்கே.

சரிந்த பின்

சரிவு தொடங்கியதும் மையம் சூடேறும் என்று நினைப்பீர்கள். முதலில் அப்படி ஆவதில்லை. உண்டாகும் வெப்பம் கதிர்களாக வெளியே ஓடிவிடுகிறது. வெப்பம் சேராததால் அழுத்தமும் ஈர்ப்புக்கு ஈடு கொடுப்பதில்லை, சரிவு தொடர்கிறது. மையம் மிகப் பல மடங்கு அடர்ந்து, கதிர்கள் தப்பமுடியாமல் சிக்கிய பிறகே வெப்பநிலை ஏறுகிறது. மேகத்தின் இலேசான சுழற்சி, சுருங்கச் சுருங்க வேகமெடுப்பதால் எல்லா வாயுவும் நேரே மையத்தில் விழ இயலாது. ஒரு பகுதி வட்டத்தகடாகச் சுற்றுகிறது. கோள்கள் உருவாவது அத்தகட்டில்தான். மையத்தின் வெப்பநிலை ஒரு கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் அணுக்கரு இணைவு தொடங்குகிறது. சூரியனைப் போன்ற விண்மீன் இந்த நிலைக்கு வந்து சேரச் சில கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் சூரியனும் பூமியும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு ஒரு குளிர்ந்த மேகம் சரிந்ததால் வந்தவையே. நம் எலும்பிலுள்ள கால்சியமும் இரத்தத்திலுள்ள இரும்பும் ஒருகாலத்தில் அத்தகைய இருட்டில் மிதந்தவை.

வகுப்பில் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு: லட்சக்கணக்கான ஆண்டுகள் நடப்பதை, எழுபது எண்பது ஆண்டு வாழும் மனிதன் எப்படி அறிந்தான்? புரட்டாசியில் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயிலில் வந்து பாருங்கள். ஓர் ஊரில் குறுவை அறுவடை நடக்கும். அடுத்த ஊரில் சம்பாவுக்கு நாற்றங்கால் பச்சையாக நிற்கும். இன்னோர் ஊரில் நடவு நடக்கும். நெல்லையே முன்பின் பார்த்திராத ஒருவன்கூட இரண்டு மணி நேரப் பயணத்தில் பயிரின் நான்கு மாத வாழ்வைத் தெரிந்துகொள்ளலாம். காட்சிகளை அவன் சரியாக வரிசைப்படுத்தவேண்டும், அவ்வளவுதான்.

வானியலாளர்கள் செய்வதும் இதுதான். வரிசைப்படுத்துவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்; 14 என்னும் எண் அத்தகைய அளவுகோல்களில் ஒன்று. பார்னார்டு 68 எல்லையில் நிற்கும் மேகம். திருவோண விண்மீனுக்குச் சற்று மேற்கே பார்னார்டு 335 என்ற மற்றோர் உருண்டை இருக்கிறது. அதற்குள் விண்மீன் ஒன்று கருக்கொண்டுவிட்டது. வாயு அதன்மேல் விழுவதை 1993இல் ரேடியோ அலைகளால் கண்டார்கள். இன்று 335 இருக்கும் நிலைக்கு நாளை 68 வந்து சேரும் என எதிர்பார்க்கிறோம். அந்த நாளை என்பது இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள் வரும் ஒரு நாள்.